கினோவாவைச் சோறு என்று நினைக்காதீர்கள்: முதன்முறை சமைப்பவர்களுக்கு

கினோவா என்ற சிறுவிதையை வாங்கி ஒரே ஒருமுறை சமைத்துவிட்டு, மிச்சப் பாக்கெட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன. ஏன் என்று கேட்டால் இரண்டு புகார் வரும். ஒன்று, கசக்கிறது. இன்னொன்று, கொழகொழவென்று ஆகிவிட்டது. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு, அதைச் சிலர்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்: குழம்பு ஊற்றிப் பிசைந்தால் சோறு மாதிரி வரவில்லை. முதலிரண்டும் கைப்பக்குவம் சம்பந்தப்பட்டவை, சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். ஆளை விரட்டுவது மூன்றாவதுதான். "அரிசிக்குப் பதில் கினோவா" என்று சொல்லி விற்றதால் வந்த வினை அது.

தலைமுறை தலைமுறையாகக் கினோவா சாப்பிடுகிறவர்கள் யாரும் அதை அரிசிக்குப் பதிலாகச் சாப்பிடவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலம்தான் இதன் தாய்வீடு. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,800 மீட்டர். ராத்திரியில் உறைபனி, பல இடங்களில் உப்பேறிய மண், சொற்ப மழை. அப்படிப்பட்ட இடத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைந்துவரும் கினோவாவை அங்குள்ள மக்கள் சூப்பாக வைக்கிறார்கள், கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள், பால் விட்டு மசிக்கிறார்கள், மாவாக்கிக் கையில் பிடித்து ஆவியில் வேகவைக்கிறார்கள். நாமும் அந்த வழியில் போவதுதான் சுலபம். உப்புமாவும் தயிர் கினோவாவும் பின்னால் வரட்டும்.

வாங்கும்போது

கடையில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறம் கிடைக்கும். முதல்முறை வெள்ளையே வாங்குங்கள். சீக்கிரம் வேகும், வாசனை மென்மையானது, தவறினாலும் கஞ்சியாக்கிவிடலாம். சிவப்பும் கறுப்பும் வெந்த பிறகும் கொஞ்சம் நறுக்கென்று கடிபடும். சாலட்டுக்கு நன்றாக இருக்கும், சூப்புக்கு அவ்வளவு பொருந்தாது. மூன்றும் கலந்த பாக்கெட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெள்ளை குழைந்த பிறகுதான் கறுப்பு வேகும் என்பதால் புதிதாகச் சமைப்பவருக்கு அது தலைவலி.

கால் கிலோ போதும். இதில் நூற்றுக்கு ஆறு பங்கு கொழுப்பு இருக்கிறது. வெள்ளை அரிசியைப் போல வருடக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். பிரித்ததும் இறுக்கமான டப்பாவில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். கசகசவென்று வெயில் அடிக்கும் ஊர் என்றால் ஃபிரிட்ஜ் இன்னும் நல்லது.

விலை அரிசியைப் போலப் பல மடங்கு. ஐக்கிய நாடுகள் சபை 2013ஐப் பன்னாட்டு கினோவா ஆண்டாக அறிவித்த சமயத்தில் உலகச் சந்தையில் விலை எகிறியது. பிறகு பல நாடுகளில் பயிரிடத் தொடங்கியதும் இறங்கியது. இன்று ராஜஸ்தான், ஆந்திரப் பக்கங்களில் விளைந்ததும் கடைக்கு வருகிறது. தெரிந்த கடையில் உள்நாட்டுச் சரக்கு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதில் கல், உமி, குச்சி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் தட்டில் பரப்பி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழுவுதல்: பாதி வெற்றி இங்கேதான்

கினோவா புல் இனத் தானியம் இல்லை. கீரையின் விதை. நம் ஊர் சக்கரவர்த்திக் கீரைக்கு மிக நெருங்கிய சொந்தம். தண்டுக்கீரையும் பீட்ரூட்டும் தூரத்து உறவு. பறவைகள் கொத்தாமல் இருக்க இந்த விதை தன்மேல் சப்போனின் என்ற கசப்புப் பூச்சைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. பூந்திக்கொட்டையில் நுரை வருவதற்குக் காரணமும் சப்போனின்தான். ஆண்டீஸ் பெண்கள் விதையைக் கல்லில் போட்டுக் காலால் தேய்த்து, புடைத்து, பிறகு நுரை அடங்கும்வரை தண்ணீரில் அலசுவார்கள். அந்த நுரைத் தண்ணீரைத் துணி துவைக்கவும் வைத்துக்கொள்வது உண்டு.

கடையில் வருவது பெரும்பாலும் மில்லில் தேய்த்தது. பாக்கெட்டில் "கழுவியது" என்று போட்டிருந்தாலும் நீங்கள் கழுவுங்கள். செய்முறை இது:

1. ஒரு கப் கினோவாவை அகலப் பாத்திரத்தில் போட்டு, மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள்.

2. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, தண்ணீருக்குள்ளேயே நன்றாகத் தேயுங்கள். வெள்ளை நுரை மேலே கட்டும். அதுதான் போக வேண்டியது.

3. அரிசி அரிப்பது போலப் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை இறுக்காதீர்கள். மணி இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், கனமும் இல்லை. பாதி சிங்க்குக்குப் போய்விடும். காய் கழுவும் கூடையின் ஓட்டையிலும் நழுவும். நெருக்கமான கண்ணுள்ள பெரிய டீ வடிகட்டி வேண்டும். இல்லையென்றால் மெல்லிய பருத்தித் துணியைப் பாத்திரத்தின் வாயில் கட்டி அதில் ஊற்றுங்கள்.

4. குழாய்த் தண்ணீரில் வடிகட்டியைப் பிடித்து விரலால் கிளறிக்கொண்டே அலசுங்கள். நுரை நின்றதும் நான்கைந்து மணியை எடுத்து நாக்கில் வைத்து மெல்லுங்கள். கசந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். வெந்த பிறகு கசப்பை எடுக்க எந்த மசாலாவாலும் முடியாது.

5. வடிகட்டியிலேயே பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் முழுக்க இறங்க வேண்டும். இறங்காத ஈரம்தான் பின்னால் அளவைக் கெடுத்துக் கொழகொழப்பாக்குவது.

ராத்திரி முழுக்க ஊறவைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். செரிமானத்துக்கு நல்லது, வேகும் நேரமும் குறையும். ஆனால் வேகவைக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதால், அளவு கைக்குப் பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

உதிரியாக வேகவைக்க

அடி கனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, வடித்த கினோவாவைப் போட்டு மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். முதலில் ஈரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து, கடலை வறுபடுகிற மாதிரி மணம் வரும், சில மணிகள் துள்ளும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இந்த வறுவல் கட்டாயமில்லை என்று பாக்கெட்டில் எழுதியிருப்பார்கள். பச்சை வாடை பிடிக்காதவர்களுக்குக் கட்டாயம்தான் என்பேன்.

ஒரு கப் வெள்ளைக் கினோவாவுக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணீர். பாக்கெட்டுகள் இரண்டு கப் என்கின்றன. கழுவிய ஈரத்தையும் சேர்த்தால் அது கூடுதல். சிவப்பு, கறுப்புக்கு இரண்டு கப் சரி. உப்பு போட்டு, கொதி வந்ததும் தீயை அடிமட்டத்துக்குக் குறைத்து மூடுங்கள். வெள்ளைக்குப் பதினைந்து நிமிடம், கறுப்புக்கு இருபது. நடுவில் திறந்து கிளற வேண்டாம்.

வெந்ததா என்று பார்க்க ஒரு அடையாளம் உண்டு. மணியின் ஓரத்தைச் சுற்றிப் படுத்திருக்கும் முளைக்கரு வேகும்போது பிரிந்து, சின்ன வெள்ளை வால் மாதிரி சுருண்டு நிற்கும். மணி கண்ணாடி போலத் தெளிந்துவிடும். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

அடுப்பை அணைத்ததும் திறக்காதீர்கள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு சுத்தமான துணியைப் போட்டு மூடி, பத்து நிமிடம் விடுங்கள். ஆவி துணியில் ஏறும், மணி உலரும். பிறகு முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். கரண்டியால் கிளறினால் நசுங்கும். ஒரு கப் போட்டால் ஏறக்குறைய மூன்று கப் வரும்.

குக்கரில் வைப்பவர்களுக்கு: ஒன்றுக்கு ஒன்றரை கப் தண்ணீர், மிதமான தீயில் ஒரே விசில், அணைத்துவிட்டுப் பிரஷர் தானாக அடங்கும்வரை காத்திருத்தல். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கினோவா நுரைத்துப் பொங்கும், சின்ன மணிகள் விசில் துவாரத்தை அடைக்கப் பார்க்கும்.

முதல் சமையல்: ஆண்டீஸ் சூப்

பெருவிலும் பொலிவியாவிலும் மலைக்கிராம வீடுகளில் அன்றாடம் கொதிப்பது இதுதான். அளவுக் கெடுபிடி இல்லை, குழைந்தாலும் பரவாயில்லை. அதனால்தான் முதலில் இதைச் செய்யச் சொல்கிறேன்.

நான்கு பேருக்கு: கழுவிய கினோவா அரை கப், உருளைக்கிழங்கு இரண்டு, கேரட் ஒன்று, பரங்கிக்காய் ஒரு துண்டு, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், சீரகப்பொடி அரை தேக்கரண்டி, தண்ணீர் ஆறு கப்.

எண்ணெயில் வெங்காயம், பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, சீரகப்பொடி போட்டு, கினோவாவைக் கொட்டி ஒரு புரட்டுப் புரட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் கேரட், உருளை. பத்து நிமிடம் கழித்துப் பரங்கியும் பட்டாணியும். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். பரங்கி கரைந்து சூப்பு தானாகக் கெட்டிப்படும். கடைசியில் உப்பு, மிளகு, பொடியாக நறுக்கிய கொத்தமல்லியோ புதினாவோ. அங்கே பட்டாணி இடத்தில் பெரும்பாலும் பெரிய அவரைப் பயறு விழும்; உருளையோடு, இரவுப் பனியில் உறையவைத்து வெயிலில் காயவைத்த சூன்யோ என்ற உருளை வற்றலும் போடுவார்கள். கறி சாப்பிடுபவர்கள் ஆட்டெலும்பை முதலில் குக்கரில் வேகவைத்து அந்தத் தண்ணீரையே ஊற்றலாம். சுவை வேறு தளத்துக்குப் போய்விடும்.

காரம் குறைவாக இருக்கிறதே என்று சாம்பார்ப்பொடி போட வேண்டாம். பச்சை மிளகாயும் தக்காளியும் உப்பும் சேர்த்து நுணுக்கித் தொட்டுக்கொள்ள வையுங்கள். பொலிவியாவில் சாப்பாட்டு மேசையில் இருக்கும் லஹ்வா என்ற காரத்துவையல் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

காலைக்கு: ஆப்பிள் கினோவா

பெருவின் லிமா நகரத் தெருமுனைகளில் விடியற்காலையில் தள்ளுவண்டிகளில் பெரிய பாத்திரத்தில் இது சூடாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே ஒரு டம்ளர் குடித்து, கையில் ஒரு ரொட்டியோடு நகர்வார்கள்.

கழுவிய கினோவா அரை கப், தண்ணீர் ஆறு கப், ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு. இவற்றைச் சேர்த்துச் சிறு தீயில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, தோல் சீவி நறுக்கிய இரண்டு ஆப்பிளைப் போடுங்கள். இன்னும் பதினைந்து நிமிடத்தில் ஆப்பிள் கரையத் தொடங்கும், கினோவா மலர்ந்துவிடும். இனிப்புக்கு அங்கே சான்காக்கா போடுவார்கள். அது கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றிய கட்டி, அதாவது வெல்லம்தான். ஆக இதற்கு நம் கையில் இருக்கும் வெல்லம் சீனியைவிடப் பொருத்தமானது. அடியில் படிவதைக் கிளறிக் கிளறி டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஆறினால் கெட்டிப்படும், சுடுதண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

குழைந்துவிட்டால்: பெஸ்கே

தண்ணீர் கூடிக் கினோவா குழைந்துபோனால் வருத்தப்பட வேண்டியதில்லை. டிட்டிகாக்கா பக்கத்தில், புனோவிலும் லா பாஸிலும், வேண்டுமென்றே அப்படிக் குழையவைத்துத்தான் பெஸ்கே செய்கிறார்கள். குழைந்ததை மத்தால் நன்றாக மசித்து, ஒரு கப்புக்கு அரை கப் பால், ஒரு துண்டு வெண்ணெய், உப்பு சேர்த்துச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கிளறி இறக்குங்கள். மேலே புதுப் பாலாடைக்கட்டி தூவுவது அவர்கள் வழக்கம். நம்மிடம் உள்ளதில் நெருக்கமானது பனீர். துருவி, கூடுதலாக உப்புப் பிசிறிப் போடுங்கள். பல் இல்லாத பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

நம் அடுக்களைக்குள்

இந்த மூன்றும் பழகிய பிறகு உங்கள் இஷ்டம். எது ஒத்துவரும், எது வராது என்று மட்டும் சொல்கிறேன்.

எலுமிச்சை, தேங்காய், புளியோதரை வகைக் கலவைகள் நன்றாக வரும். ஒரே நிபந்தனை: வெந்த கினோவாவைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவைத்த பிறகே தாளிதத்தில் புரட்ட வேண்டும். கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வழக்கம்போல. உப்புமாவும் ஒத்துவரும், அதில் காய் நிறையப் போடுங்கள். தயிர் கினோவாவுக்குத் தயிரைவிடப் பால் கொஞ்சம் கூடவே பிடிக்கும், போகப்போக இறுகும். மாதுளை முத்து போட்டால் விருந்துக்கே வைக்கலாம்.

தோசைக்கு: கழுவிய கினோவா ஒரு கப், இட்லி அரிசி ஒரு கப், உளுந்து அரை கப், வெந்தயம் அரை தேக்கரண்டி. நான்கு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, வழக்கம்போலப் புளிக்கவிடுங்கள். மொறுமொறுவென்று வரும்.

ஒத்துவராதது, இலையில் குவித்து வைத்து ரசமும் சாம்பாரும் ஊற்றுவது. மணியின் மேல்தோல் முழுசாக நிற்பதால் சோற்றுப் பருக்கை மாதிரி குழம்பை இழுக்காது. குழம்பு தனியாக ஓடும், மணி தனியாக உருளும். சாம்பார்ச் சுவைதான் வேண்டும் என்றால் துவரம்பருப்பு, காய், புளிக்கரைசலோடு கினோவாவையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்துச் சாம்பார் சாதம் மாதிரி இறக்குங்கள்.

சத்துக் கணக்கு

வெந்த கினோவா நூறு கிராமில் சுமார் 120 கலோரி, புரதம் 4.4 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம். வெள்ளைச் சோறு நூறு கிராமில் சுமார் 130 கலோரி, புரதம் 2.7 கிராம், நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. மெக்னீசியமும் ஃபோலேட்டும் கினோவாவில் நிறைய. உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் இதில் இருக்கின்றன; அவற்றில் ஒன்றான, தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் இதில் நல்ல அளவில் உண்டு. நாசா விஞ்ஞானிகள் 1993இல் விண்வெளிப் பயணங்களுக்கான பயிராக இதை ஆராய்ந்ததும் அந்தக் குணத்துக்காகத்தான்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் கினோவா சாப்பிடாததால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சோற்றோடு பருப்பு சேரும்போது அரிசியில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு நிரப்பிவிடுகிறது. கால்சியத்தில் கேழ்வரகுக்குப் பக்கத்தில்கூடக் கினோவா வராது: நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல், கினோவாவில் ஐம்பதுகூட இல்லை. வாரத்துக்கு இரண்டு வேளை மாற்றத்துக்காகச் சாப்பிடுங்கள், வரகையும் தினையையும் ஓரங்கட்டிவிட்டு அல்ல. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். அவர்கள் மட்டும், கோதுமை அரைக்கும் இடத்தில் பாக்கெட் ஆனதா என்று லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் "இதில் மாவுச்சத்து இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கப் வெந்த கினோவாவில் 39 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வெள்ளைச் சோற்றைவிட மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஆப்பிள் கினோவாவில் வெல்லத்தையும் மறந்துவிடக் கூடாது. கீரைக் குடும்பம் என்பதால், சிறுநீரகக் கல் உருவாக வழிசெய்யும் ஆக்சலேட்டும் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்களுக்கும் முதல் தடவை அரை கப் வெந்தது போதும். நார்ச்சத்து பழகாத வயிறு முதல்நாளே இரண்டு தட்டு கண்டால் உப்புசம் காட்டும். கினோவாவின் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள்.

மிஞ்சினால்

வெந்தது ஆறியதும் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். சூடாக மூடினால் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். வாரக்கடைசியில் இரண்டு கப் வேகவைத்து வைத்துக்கொண்டால் அவசர நாட்களில் கை கொடுக்கும்: முட்டை உடைத்துப் பொரிக்கும்போது ஒரு பிடி, அடை மாவில் ஒரு பிடி, வெள்ளரி, வெங்காயம், தக்காளியோடு எலுமிச்சை பிழிந்து ஒரு கிண்ணம். கட்லெட்டுக்கு மட்டும், உருளையோடு பிசைந்ததும் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தட்டுங்கள். இல்லையென்றால் தவாவில் போட்டதும் உதிர்ந்துவிடும்.